மாணாக்கன் வினாவும் சைவாசிரியர் கடனும்

சிவமயம்

 

ஞானநெறியிற் செல்வார்க்கு நம் சாத்திரங்கள் வகுத்த படிகள் நான்கு. அவை கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என்பனவாம். கேட்டலாவது குருமுகமாகப் பொருளைச் செவியிற் கொள்ளுதல். சிந்தித்தலாவது கேட்ட பொருளை உள்ளத்தே நிறுத்தி, இஃது ஆமோ, ஆமெனின் எங்ஙனம் ஆம் என்று ஆராய்தல். தெளிதலாவது அவ்வாராய்ச்சியினால் ஐயம் நீங்கித் துணிதல். நிட்டைகூடலாவது துணிந்த பொருளில் அழுந்தி நிற்றல். இந்நான்கினுள் ஒன்றனை விடுத்து அடுத்ததன்மேற் பாய்தல் ஒருவர்க்கும் இயல்வதன்று.

இவ்வாறிருக்க, நம் பாடசாலைகளில் நிகழ்வதியாது? கேட்டல் உண்டு. மாணாக்கர் சைவநெறிப் பாடத்தைக் கேட்கின்றனர், மனனஞ் செய்கின்றனர், நாயன்மார் பெயரையும் நட்சத்திரத்தையும் பிழையற எழுதிப் பரீட்சையில் உயர்ந்த பெறுபேறும் பெறுகின்றனர். ஆயின், அவருள் ஒருவன் எழுந்து, “ஐயா, இஃது ஏன்?” என்று வினாவியவுடனே, “அதிகப்பிரசங்கி, இரு!” என்று அமர்த்துகின்றோம். அச்சொல்லால் இரண்டாம் படியை உடைத்தவராகின்றோம். இரண்டாம் படி உடைந்தபின் மூன்றாம் படியில் அவன் எவ்வாறு காலூன்றுவான்? பள்ளியை விட்டகன்ற சில ஆண்டுகளில் அவன் கோயிலையும் விட்டகன்றானெனின், அதற்குக் காரணம் காலக்கேடு என்றும் பரசமயத்தார் முயற்சி என்றும் கூறி நாம் அமைதியடைதல் நேர்மையாகுமா? இதனைச் சிறிது ஆராய்வாம்.

நம் சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கும் எவ்வாறு பிறந்தன என்று நோக்குமின். திருவெண்ணெய்நல்லூரிலே சிறு பிள்ளையாயிருந்த மெய்கண்டதேவரிடத்து, சகலாகம பண்டிதர் எனப் பேர்பெற்ற அருணந்தி சிவாசாரியர் சென்று, ஆணவமலத்தின் சொரூபம் யாதென வினாவினார். மெய்கண்டதேவர் வாய்திறந்து விடை பகர்ந்திலர். வினாவி நின்றவரையே அடிமுதல் முடிவரை உற்று நோக்கினார். நின்ற நிலையே ஆணவத்தின் சொரூபம் என்பதைப் பண்டிதர் உணர்ந்து, அப்பிள்ளையின் திருவடியில் வீழ்ந்து மாணாக்கராயினார். முதியவர் வினாவ இளையவர் உணர்த்தியது நம் மரபு. வினாவினவர் இகழப்பட்டாரல்லர், சிவஞானசித்தியாரை நமக்கு அருளிய ஆசிரியராக உயர்ந்தார்.

மெய்கண்டதேவரின் மற்றொரு மாணாக்கர் திருவதிகை மனவாசகங்கடந்தார். முப்பத்தாறு தத்துவம் யாவை, ஆணவம் யாது, ஆன்மா யாது, சிவபெருமான் ஆடுந் திருக்கூத்தின் கருத்து யாது, ஐந்தெழுத்தின் பொருள் யாது, முத்தி எத்தன்மைத்து என ஒன்றன்பின் ஒன்றாக வினாவி, அவற்றிற்கு விடைபெறும் முறையிலே உண்மைவிளக்கத்தை யாத்தார். உமாபதி சிவாசாரியரோ, தம் குருவாகிய மறைஞானசம்பந்தரை நோக்கி வினாவும் வினாக்களையே பதின்மூன்று வெண்பாக்களாக்கி, அந்நூலுக்கு வினாவெண்பா என்றே பெயரிட்டார். வினா குற்றமாயின், அக்குற்றத்தைச் சாத்திர வரிசையில் வைத்துப் போற்றிய சமயம் நம்முடையதே.

இஃதிங்ஙனமாக, ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் சைவ வினாவிடை இயற்றியருளினாரன்றோ, அதனைப் படிப்பித்தல் போதாதோ எனச் சிலர் வினாவுவர். நாவலரவர்கள் யாழ்ப்பாணத்தில் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினவர். பிறர் கையாண்ட கல்விமுறையின் வலிமையை உள்ளிருந்து அறிந்து, அதனை நம் பிள்ளைகளுக்கு அரணாக அமைத்துத் தந்தார். அவ்வரண் இன்றியமையாதது. அடியேனும் மிஷன் பாடசாலையிலே வினாவிடை மனனஞ் செய்து வளர்ந்தவனாதலின், அம்முறையின் பயனையும் எல்லையையும் அறிவேன். வினாவிடை நூலில் வினாவும் நூலுடையது, விடையும் நூலுடையது. பிள்ளையின் சொந்த வினா அதன்கண் இல்லை. அது பிள்ளையின் நெஞ்சில் இருக்கின்றது. அதனை வெளிப்படச் செய்தல் நூலின் தொழிலன்று, ஆசிரியரின் தொழில்.

கல்லூரி மாணவர் ஒருவரின் வினா எத்துணைப் பயன் விளைக்குமென்பதற்கு அண்மைக் காலத்துச் சான்றும் உண்டு. கல்கத்தாவில் கிறிஸ்தவக் கலாசாலையொன்றிற் கற்ற நரேந்திரநாதர், 1881ஆம் ஆண்டில் ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சரைக் கண்டு, கடவுளை நேரே கண்டதுண்டோ என வினாவினார். பரமஹம்சர் சினந்தாரல்லர்; கண்டதுண்டு என்றார். அதன் பின்னரும் அவ்விளைஞர் பல ஆண்டு ஐயுற்றார், வாதித்தார். 1884ஆம் ஆண்டில் தந்தையார் இறக்கக் குடும்பம் கடனிலும் வறுமையிலும் வீழ்ந்தபோது, கடவுளின் கருணையையே ஐயுற்றார். குரு அவரைத் தள்ளினாரல்லர். நரேந்திரர் இனிய பாடகருமாவர். அவர் பாட்டில் உருகிக் குரு மெய்ம்மறந்ததும் உண்டு. குடும்பம், இசை, வாழ்வின் பொருள் என்னும் மூன்றிலும் அலைந்த அவ்விளைஞரே 1897ஆம் ஆண்டில் விவேகானந்த சுவாமிகளாக யாழ்ப்பாணம் போந்து நம் முன்னோர்க்கு உபதேசித்தார். தக்ஷிணேசுவரத்தில் அன்று ஒருவர் “அதிகப்பிரசங்கி” என்று அவரை அமர்த்தியிருப்பின் உலகம் இழந்திருப்பது யாதென எண்ணுமின்.

இனி, நம் திருகோணமலைக்கு வருவாம். இந்நகரத்துக் கல்லூரி மாணாக்கன் ஒருவன், சைவப் பிரசங்கமொன்று முடிந்தபின் மூன்று வினாக்களை ஒரு தாளில் எழுதி அடியேனிடந் தந்தான். அவற்றை முன்பு ஓரிடத்தில் வினாவி ஏச்சுப் பெற்றவன் அவன். அதன்பின் கோயிலுக்குப் போதலையும் நிறுத்திவிட்டவன். அவ்வினாக்கள் அவனொருவனுக்கே உரியனவல்ல. நும் வகுப்பிலும் வாய்திறவாது இருக்கின்ற பிள்ளைகளின் வினாக்கள் அவை. ஆதலின் அவற்றையும், அவற்றிற்குச் சைவநூல்வழி யாம் கூறத்தக்க விடையையும் இங்கே எழுதுகின்றேன்.

முதல் வினா குடும்பத்தைப் பற்றியது. “கோயிலிற் சுவாமி அம்பாளோடும் பிள்ளைகளோடும் எழுந்தருளியிருக்கின்றார். என் தந்தையார் போரில் இறந்தார். தாயார் வெளிநாட்டில் வேலை செய்கின்றார். என்னை வளர்ப்பவர் அம்மம்மா. எங்களுடையதைக் குடும்பம் என்னலாமா? குடும்பம் பாசம், அது பந்தம் என்று பிரசங்கிமார் சொல்லுகின்றனர். அப்படியாயின், அது சிதறிப்போனதற்கு நான் மகிழ வேண்டுமா?” என்பது அவ்வினா.

இவ்வினாவின் பின்பகுதியிலுள்ள மயக்கத்தை விளைத்தவர் நம்மனோரே. சித்தாந்தத்திற் பாசம் என்பன ஆணவம், கன்மம், மாயை என்னும் மலங்களேயன்றி, தாயும் தந்தையும் பாட்டியுமல்லர். ‘யான்’ என்றும் ‘எனது’ என்றும் பற்றி நிற்கும் செருக்கே அறுக்கப்படுவது. அச்செருக்கு, ஒருவர் பொருட்டு ஒருவர் உழைக்குமிடத்திலே தேய்வடைகின்றது. நாயன்மாருட் பலர் இல்லறத்தார். இளையான்குடி மாறனார் மழை பெய்யும் நள்ளிரவில், பகலில் விதைத்த முளைநெல்லை வாரிவர, அதனை வறுத்துக் குற்றி அமுதாக்கினவர் அவர் மனைவியார். அவ்விருவரையும் பிரித்து ஒருவர்க்கு மாத்திரம் அத்தொண்டினை உரிமையாக்க வல்லவர் யார்?

முன்பகுதிக்கு விடை திலகவதியார் வரலாற்றில் உள்ளது. தந்தையார் புகழனார் நோயால் இறந்தார். தாயார் மாதினியார் அவருடன் உயிர் நீத்தார். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்தில் மடிந்தார். அவர்க்கென்றே உரியதாகிய உயிரைத் தாமும் விடத் துணிந்த திலகவதியாரின் அடியில் வீழ்ந்து, தமக்கையாரையன்றித் தமக்கு வேறு துணையின்மையைக் கூறி அழுதார் தம்பியார் மருணீக்கியார். அவர்பொருட்டு அம்மையார் உயிர் தாங்கினார். போரினாலும் நோயினாலும் இருவராகச் சுருங்கிய அவ்வீட்டினைச் சேக்கிழார் குறைவீடாகப் பாடினாரல்லர். அவ்வீட்டிலிருந்தே திருநாவுக்கரசர் நமக்குக் கிடைத்தார். ஆதலின், குடும்பமென்பது எண்ணிக்கையாலன்று, ஒருவரை ஒருவர் தாங்குதலாலேயே அமைவது. பேரனுக்காக விடியலில் அடுப்பு மூட்டும் அம்மம்மாவும், அவனுக்காகக் கடல் கடந்து உழைக்கும் தாயும் உள்ள வீடு நிறைந்த குடும்பமேயாம். திருகோணமலை, மூதூர், வெருகற் பகுதிகளிலே போரினால் இவ்வாறாகிய வீடுகள் மிகப் பல. அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குத் திலகவதியார் வரலாற்றைப் பரீட்சைக் குறிப்பாக மாத்திரம் படிப்பிப்போமாயின், பசித்தவனுக்கு அடுக்களைப் பாத்திரங்களின் பட்டியலைக் காட்டினவராவோம்.

இரண்டாம் வினா கலையைப் பற்றியது. “எனக்கு வீணையில் விருப்பம். வீட்டார் அது சோறு போடாது, விஞ்ஞானம் படி என்கின்றனர். வேறொருவர் இசையும் கூத்தும் மனத்தை அலைக்கும் என்கின்றார். கலை வீண்பொழுதா? வழிபாடா?”

இவ்வினாவுக்கு விடை கூற இந்நகரத்துக்கே உரிமை மிகுதி. 1925ஆம் ஆண்டு முதலாகச் சிலகாலம் இங்கே இந்துக் கல்லூரியைப் பரிபாலித்த விபுலாநந்த அடிகள் 1892ஆம் ஆண்டில் மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவிற் பிறந்தவர். விஞ்ஞானம் கற்றுக் கற்பித்தவர். பின்பு துறவு பூண்டவர். மனை, மக்கள், பொருள் யாவும் துறந்த அடிகள் யாழைத் துறந்தாரில்லை. மறைந்துபோன பழந்தமிழ் யாழ்களின் அமைப்பையும் நரம்புகளின் சுருதிக் கணக்கையும் பல்லாண்டு ஆராய்ந்து, தேவாரவியல் என ஓரியலும் அமைத்து இயற்றிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் சிவபதமடைந்தார். விஞ்ஞானமும் இசையும் ஓருள்ளத்தில் உடன்வாழுமோ என்பார்க்கு அவரே விடை.

மற்றொருவர் ஆனந்த குமாரசுவாமி அவர்கள். 1877ஆம் ஆண்டில் கொழும்பிற் பிறந்து, இலங்கையில் நிலவியற் பரிசோதனைத் தலைமை பூண்டிருந்தவர். கல்லையும் கனியத்தையும் ஆராய்ந்த அவர் நம் சிற்பங்களின்பால் ஈர்க்கப்பட்டு, சிவபெருமானின் திருநடனத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை 1918ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் நூலாக வெளிவந்து உலகெங்கும் பரவியது. அக்கட்டுரையில் அவர் எடுத்தாண்ட தமிழ் நூல்களுள் ஒன்று முன்னர்க் கூறிய உண்மைவிளக்கம். துடியேந்திய கை படைத்தலையும், அமைத்த கை காத்தலையும், தீயேந்திய கை அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்னும் விளக்கம் திருவதிகை மாணாக்கர் ஒருவரின் வினாவுக்கு விடையாகப் பிறந்தது. 2004ஆம் ஆண்டில் ஜெனீவாவிலுள்ள சேர்ண் என்னும் அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்தில் நடராஜ வடிவம் நிறுவப்பெற்றது. அதன் பலகையில் குமாரசுவாமி அவர்களின் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த ஒரு மாணாக்கரின் வினா எத்துணைத் தூரம் நடந்துள்ளது பாருங்கள்!

ஆயின், கலையெல்லாம் வழிபாடோவெனின், அற்றன்று. முப்பத்தாறு தத்துவத்துள் கலை என்பதும் ஒன்று. அது ஆணவ இருளைச் சிறிதே நீக்கி, ஆன்மாவின் செயலாற்றல் விளங்கச் செய்வது. வீணையும் சிற்பமும் ஆகிய கலைகள் அத்தத்துவமே என்பது என் கருத்தன்று. பெயரொப்புமை பொருளொப்புமை ஆகாது. எனினும் உரைகல்லாக அதனைக் கொள்ளலாம். பயின்ற கலை பயின்றவனின் செருக்கைச் சிறிதேனும் நீக்கிற்றாயின் அது சைவத்துக்கு இயைந்த கலை. செருக்கை வளர்த்ததாயின், தேவாரமே பாடினும் அது வெறும் ஒலி.

இதற்கு நம் கோணேசர் சந்நிதியிலேயே சாட்சியுண்டு. திருஞானசம்பந்தர் பாடியருளிய இத்தலத்துப் பழைய திருக்கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்தனர். 1950ஆம் ஆண்டில் நகரசபையார் கிணறு தோண்டியபோது, மண்ணுள்ளிருந்து பழைய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுள் சோமாஸ்கந்த வடிவிற் பெருமான் அமர்ந்த திருமேனியும், சந்திரசேகரர், அம்பாள் திருமேனிகளும் உள்ளன. 1963ஆம் ஆண்டில் புதுக்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. அத்திருமேனிகளை வார்த்த சிற்பியின் பெயரை நாம் அறியோம். மண்ணில் மறைத்துக் காத்தவரின் பெயரையும் அறியோம். பெயர் மறைந்தது, பெருமான் விளங்குகின்றார். சோமாஸ்கந்தம் என்பது உமையோடும் கந்தனோடும் கூடிய வடிவமாதலின், குடும்பத்தின் பெருமையையும் கலையின் பெருமையையும் ஒருங்கே உணர்த்துவது அதுவே.

மூன்றாம் வினா வாழ்வைப் பற்றியது, மூன்றனுள்ளும் வன்மையானது. “2004ஆம் ஆண்டு மார்கழியில் ஆழிப்பேரலை வந்து பாலகரையும் கொண்டுபோயிற்று என்று அம்மம்மா சொல்லுவார். போரிலும் பாலகர் இறந்தனர். எல்லாம் வினைப்பயன் என்று சைவசமயப் பாடத்திற் சொன்னார்கள். அந்தப் பாலகர் செய்த தீவினை யாது? இப்படியாயின் வாழ்வு எதற்கு?”

அன்பர்களே, இவ்வினாவை எதிர்கொள்ளும்போது அவசரம் ஆகாது. வினைக் கொள்கை நம் சமயத்தின் தூண்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அஃது ஒவ்வொருவரும் தத்தம் செயலை ஆராய்ந்து திருந்துதற்பொருட்டு உபதேசிக்கப்பட்டது. இழவு வீட்டு வாயிலில் நின்று, இறந்த பிள்ளைமேற் குற்றஞ் சாட்டுதற்பொருட்டன்று. ஒருவர் வினையை நிறுத்து அளக்கும் துலாக்கோல் இறைவன் திருக்கரத்தில் இருப்பது; ஆசிரியரிடமோ பிரசங்கியிடமோ அஃது ஒப்புவிக்கப்படவில்லை. மேலும், கன்மத்தை மாத்திரம் சொல்லி அருளைச் சொல்லாது நிறுத்துதல் பாதிச் சித்தாந்தம். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் இறைவன் உயிர்க்குக் கொடுத்தது உயிரை இருளினின்றும் எடுத்தற்பொருட்டென்றே நம் நூல்கள் கூறுகின்றன. உடம்பு தண்டனைக் கூடமன்று. விடியும்வரை வழிகாட்டத் தரப்பட்ட கைவிளக்கு.

இங்கும் திலகவதியாரே வழி காட்டுகின்றார். பரசமயம் புகுந்து நெடுங்காலம் பிரிந்திருந்த தம்பியார் சூலைநோயாற் சுருண்டு, இரவிலே திருவதிகை வந்து அவர் அடியில் வீழ்ந்தார். அது நீ செய்த வினையின் பயன், அனுபவி என்று அம்மையார் சொல்லியிருக்கலாம். சொல்லுதற்கு உரிமையும் உண்டு. அவர் அவ்வாறு சொன்னாரல்லர். பிரிந்த நாளெல்லாம் தம்பியார்க்காகப் பெருமானிடம் விண்ணப்பித்தவர், வந்தவரைத் தூக்கி, திருநீறு கொடுத்து, விடியற்காலையிற் கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார். துன்புற்றாரிடத்துச் சைவர் நடக்கவேண்டிய முறை அது. வாழ்வு எதற்கென்னும் வினாவுக்கும் விடை அச்செயலிலேயே உளது: தனக்குக் கொடுக்கப்பட்ட விளக்கைக்கொண்டு மற்றோருயிர்க்கும் வழிகாட்டி, இருவரும் பெருமான் சந்நிதியை அடைதற்கு.

இம்மூன்று வினாவும் வெவ்வேறாகத் தோன்றினும் வேர் ஒன்றே. கோணமலைப் பாறையில் இராவணன்வெட்டைக் காட்டி நம் பாட்டிமார் சொல்லும் கதையை நினைமின். நோயுற்ற தாயின் வழிபாட்டுக்காக அவன் மலையைப் பெயர்க்க முயன்றான். தாய் இறக்க, அந்தியேட்டிக்காகக் கன்னியாயில் ஏழு வெந்நீரூற்றுக்களைத் தோற்றுவித்தான் என்பது கன்னபரம்பரை. அவனிடம் தாயன்பு இருந்தது. கையின் நரம்பையே யாழ்நரம்பாக்கிச் சாமகீதம் பாடிய கலையிருந்தது. நெடிய வாழ்நாளும் இருந்தது. குடும்பமும் கலையும் வாழ்வும் உடையவனாயிருந்தும், ‘யான்’ என்னும் செருக்கினால் மலையின்கீழ் நெரிந்தான். செருக்கழிந்து பாடியபோது அதே கலை அவனுக்கு அருளைப் பெற்றுத் தந்தது. ஆகவே, குடும்பத்தை விடுக, கலையை விடுக, வாழ்வை வெறுக்க என்று நம் சமயம் கூறவில்லை. ஆணவத்தை விடுக, ஏனையவெல்லாம் அருளுக்கு வாயிலாகும் என்றே கூறுகின்றது.

இனி, நம் கடன் யாதெனின், மூன்று கூறுவேன். வாரத்தில் ஒரு சமயபாட வேளையை, வெள்ளிக்கிழமையாயின் நன்று, மாணாக்கர் வினாவுக்கென்றே ஒதுக்குக. வாய்திறக்க நாணுவோர் பெயரின்றித் தாளில் எழுதித் தருக. ஆசிரியர் அதனை வகுப்பில் வாசித்து விடை கூறுக. இஃது ஒன்று. உடனே விடை தோன்றாதாயின், ஆராய்ந்து அடுத்த வாரம் சொல்லுவேன் என்று கூறி, அவ்வாறே ஆராய்ந்து சொல்லுக. அதனால் ஆசிரியர் மதிப்புக் குறையாது. சகலாகம பண்டிதரே பிள்ளைமுன் பணிந்தாரன்றோ? இஃது இரண்டு. புராண வரலாறு கற்பிக்கும்போது, இது நம் தெருவில், நம் வீட்டில் எங்கே நிகழ்கின்றது என்று மாணாக்கரையே சொல்லச் செய்க. இஃது மூன்று. இவற்றிற்குப் புதிய கட்டடமும் வேண்டா, பணமும் வேண்டா. பொறுமை ஒன்றே வேண்டும்.

வினாவுகின்ற பிள்ளை நம் சமயத்தை விட்டுப் போகின்ற பிள்ளையல்லன். உள்ளே வருதற்குக் கதவு தட்டுகின்றவன். தட்டுதலை நிறுத்திய பிள்ளைக்காகவே நாம் கவலவேண்டும். கேட்டலோடு நின்ற நம் வகுப்பறைகள் சிந்தித்தலுக்கும் இடந்தந்து, நம் பிள்ளைகள் தெளிந்து, இறைவன் திருவடியில் நிலைபெற, திருக்கோணமாமலை அமர்ந்த மாதுமையம்மை சமேத கோணேசப்பெருமான் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.